அத்தரின் மணமா, அணிந்தவரின் மணமா? ஒரு பழைய விமரிசனத்தை முன்வைத்து

அரபு இலக்கிய விமரிசன வரலாற்றைப் பாடமாக நடத்துவோர் தவறாமல் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. உமைய்யாக்கள் காலத்துக் காதற்கவிஞர் குதய்யிர், தம் காதலியின் பெயராலேயே 'குதய்யிர் அஸ்ஸா' என வழங்கப்பெற்றவர், ஹிஜ்ரி 105இல் (கி.பி. 723) மறைந்தவர். பனித்துளி தாங்கிய நறுஞ்செடிகள் நிறைந்த மேட்டுநிலச் சோலையொன்றை விரிவாக வருணித்துவிட்டு, அகிற்புகை ஏற்ற அஸ்ஸாவின் ஆடைக் கைகளுக்கு அச்சோலையின் மணம் ஈடாகாது என்னும் பொருள்பட அவர் பாடினார். பெண்மணி ஒருவர் அவரைக் கண்டு, அகிற்புகை காட்டினால் எந்த ஸன்ஜிய்யப் பெண்ணின் ஆடைதான் மணக்காது, உம் தலைவர் இம்ரவுல் கைஸ் பாடியதைப் போலப் பாடியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார். இம்ரவுல் கைஸோ, நறுமணம் எதுவும் பூசாதபோதும் தம் காதலியிடம் நறுமணத்தைக் கண்டதாகப் பாடியவர். விமரிசித்தவர் ஸுகைனா அம்மையார் என்பாரும் உளர். பெயரறியா முதியவள் என்பாரும் உளர். கவிஞர்களின் குறைகளாக அறிஞர்கள் கண்டவற்றைத் தொகுத்த மர்ஸுபானியின் (இறப்பு: ஹி. 384) 'அல்முவஷ்ஷஹ்' போன்ற நூல்களின் வழியே இச்செய்தி நம் பாடத்திட்டம் வரை வந்துள்ளது.

இருபதாண்டுகளுக்கு மேலாக இதனை வகுப்பில் சொல்லி வருகிறேன். சொன்ன போதெல்லாம் மாணவர்கள் சிரித்திருக்கின்றனர், நானும் சிரித்திருக்கிறேன். குதய்யிர் வாயடைத்து நின்றார் என்பதோடு பாடம் முடியும். சென்ற கல்வியாண்டில் அச்சிரிப்பு அடங்கிய பின் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜரத், அந்த ஸன்ஜிய்யப் பெண் என்ன குறை செய்தாள்?" என்று கேட்டார். என்னிடம் உடனடி விடை இல்லை. மறுநாள் ஜாஹிழைத் துணைக்கழைத்தேன். ஹிஜ்ரி 255இல் மறைந்த அப்பேரறிஞர், கறுப்பின மக்களின் பெருமையைக் கூறவென்றே தனிச் சிறுநூல் யாத்தவர். நறுமணப் பொருள்களுள் மேலான கஸ்தூரியும் அம்பரும் கருநிறத்தவையே என்று அதில் சுட்டிக் காட்டியவர். மாணவர் மகிழ்ந்தார். எனக்கு நிறைவில்லை. இழிவுபடுத்திய சொல்லுக்கு மறுப்புக் கிடைத்ததே தவிர, அந்த விமரிசனம் விமரிசனம் என்ற அளவில் சரிதானா என்னும் வினா அப்படியே நின்றது.

அவ்விமரிசனத்தின் அடித்தளம் ஓர் அனுமானம். பூசப்படும் மணம் பொருளுக்கு உரியது, பூசிக்கொள்பவருக்கு அதில் பங்கில்லை. ஆகவே ஒரே அகில் எவர் மீது ஏறினும் ஒரே மணமே. இவ்வனுமானம் உண்மையாயின் குதய்யிர் தோற்றார். உண்மையன்றாயின்?

கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையை ஒட்டிய ஏரியூர்தான் என் ஊர். நாகமரைப் பக்கம் சென்றால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தெரியும். உம்ரா சென்று திரும்பிய உறவினர் ஒருவர் அரைத் தோலா அத்தர் கொடுத்திருந்தார். மல்லிகையும் கஸ்தூரியும் கலந்தது. மதுசாரம் சேராத எண்ணெய். கஸ்தூரி என்று சீட்டில் இருந்தாலும் மானின் கஸ்தூரியன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கஸ்தூரி மானைக் காத்து நிற்கிறது. 1888இல் பவுர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் வெடிமருந்தாராய்ச்சியினூடே தற்செயலாகச் செயற்கைக் கஸ்தூரி மணத்தைக் கண்டார். மெய்யான கஸ்தூரியின் மணமூலமான மஸ்கோனின் அமைப்பை 1926இல் ருஸீச்கா விளக்கினார். அவருக்கு 1939இல் நோபல் பரிசு கிட்டியது. இன்று கடைகளில் கிடைப்பன பெரும்பாலும் இவ்வழி வந்த செயற்கைப் பொருள்களே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அச்சீசாவைத் திறந்து, ஒவ்வொரு துளியாக நால்வர் மணிக்கட்டில் இட்டேன்: என் கையில், விடுமுறையில் என்னைக் காண வந்திருந்த இருபது வயது மாணவர் கையில், அணைநீரில் பிடிபடும் மீனை வாங்கி விற்கும் பாய் ஒருவர் கையில், வீடு திரும்பியபின் என் மனைவியின் கையில். நான்கு கைகளை வைத்து ஆய்வு முடிவு கூற இயலாது என்பதை அறிவேன். முகர்ந்த மூக்கும் என்னுடையதே.

முதல் ஐந்து நிமிடங்கள் நான்கும் ஒன்றே; பசுமை கலந்த இனிய மல்லிகை. அதன்பின் ஒவ்வொன்றும் தன் வழியே பிரிந்தது. நான் நீரிழிவு நோயாளி, வறண்ட தோலினன். அஸருக்கு முன்பே மல்லிகை என்னை விட்டு அகன்றுவிட்டது. எஞ்சியது வெளுத்து உலர்த்திய துணியின் மணம். (செயற்கைக் கஸ்தூரிகளைச் சலவைத் தூள்களில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வருகின்றனர். எனவேதான் நம் தலைமுறையின் மூக்குக்கு அம்மணம் என்றாலே துணி நினைவு வருகிறது. அப்பாஸிய அரசவைப் புலவர் எவருக்கும் இந்த ஒப்புமை தோன்றியிராது.) மாணவருடையது எண்ணெய்ப் பிசுக்குள்ள இளந்தோல், வெயிலில் வேர்த்தும் இருந்தார். அவர் கையில் மல்லிகை தடித்துக் கனத்து, தலையில் சூடி மறுநாள் காலையில் களைந்த சரம் போல, இனிமையின் அடியில் சற்றே அழுகல் கலந்து வீசியது. மனைவியின் கையில் பூ மாலைநேரத்து மொட்டாகவே நெடுநேரம் நின்றது. கஸ்தூரி அதற்குப் பின்னால் ஒதுங்கி நின்றது.

மீன் வியாபாரியின் கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நன்றாயிராது என்று எதிர்பார்த்தே அத்துளியை இட்டேன். அவர் கையில் மல்லிகை மெலிந்து விரைவில் விலகியது. ஆனால் கஸ்தூரி, வெதுவெதுப்பும் உயிர்த்தன்மையும் கூடி, ஆழமாக எழுந்தது. நால்வருள் கஸ்தூரி கஸ்தூரியாக நின்றது அவர் கையில்தான். அஸர் தொழுகைக்கு வந்தவருள் இருவர், "என்ன அத்தர் பாய் இது?" என்று அவரைத்தான் கேட்டனர். அதே அத்தரை அணிந்து அருகிலேயே நின்ற என்னை எவரும் கேட்கவில்லை.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. மல்லிகை மணத்தின் பெரும்பகுதியான பென்சைல் அசிடேட், லினலூல் போன்றவை இலேசானவை, விரைந்து ஆவியாவன. கஸ்தூரி மூலக்கூறுகள் கனமானவை. மெல்லக் கிளம்பிக் கடைசிவரை நிற்பன. தோலின் வெப்பம், எண்ணெய்ப்பசை, ஈரம் ஆகியவை இந்த ஓட்டத்தின் வேகத்தை ஆளுக்கு ஆள் மாற்றுகின்றன; வியர்வையை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. மல்லிகையில் இண்டோல் என்னும் பொருளும் உண்டு. தனியே முகர்ந்தால் மலநாற்றத்தை நினைவூட்டுவது. அளவோடிருக்கையில் பூவுக்கு உடலும் உயிரும் தருவது அதுவே. மாணவர் கையில் மேலோங்கியது அதுவாதல் கூடும். முகர்பவர் மூக்கும் ஒன்றுபோல் இல்லை. சில கஸ்தூரி மூலக்கூறுகளை அறவே முகர இயலாதவர் உள்ளனர்; அது மரபணு வழிப்பட்டது. செக் நாட்டு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று நம் வினாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒருவர் தாமே விரும்பித் தேர்ந்த நறுமணம் அவர் உடல் மணத்தோடு கலந்தபோது, பிறர் கொடுத்த நறுமணம் கலந்ததைவிட இனிதாய் மதிப்பிடப்பெற்றது. இத்தனைக்கும் நறுமணங்களைத் தனித்தனியே முகர்ந்தபோது அவற்றிடையே அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பூசும் பொருளும் பூசிக்கொள்ளும் மேனியும் கூடி மூன்றாவதாக ஒன்றைப் பிறப்பிக்கின்றன என்பதே இதன் பொருள்.

ஆகவே குதய்யிர் மீதான தீர்ப்பை மறுஆய்வு செய்தாக வேண்டும். அகில் ஏற்ற அஸ்ஸாவின் கை என்று அவர் பாடியபோது, அகிலைப் பாடவில்லை. அஸ்ஸாவை விலக்கிவிட்டு அந்த அகிலும் இல்லை. வேறொரு பெண் அதே புகையை ஏற்றிருந்தால் அது வேறொரு மணமாக, அவளுக்கே உரிய மணமாக, இருந்திருக்கும். அப்பெண் ஸன்ஜிய்யாவாக இருந்தாலும் அப்படியே. விமரிசித்தவர் இழிவாக எண்ணிச் சொன்ன எடுத்துக்காட்டே அவர் வாதத்தை முறிக்கிறது. இம்ரவுல் கைஸின் கூற்று கவிதை என்ற முறையில் உயர்ந்தது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. சுருக்கமும் துணிவும் அதற்கு உண்டு. குதய்யிர் சோலை வருணனையில் நேரம் கடத்திவிட்டார். ஆனால் அது நடையின் குற்றம், பொருளின் குற்றமன்று.

தமிழறிந்த வாசகர் இந்நேரம் மதுரையை நினைத்திருப்பர். மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று பாண்டியனுக்கு எழுந்த ஐயமும், குறுந்தொகையின் இரண்டாம் பாட்டும், நக்கீரர் எழுப்பிய தடையும் திருவிளையாடற் புராணத்தால் பரவி, 1965இல் வந்த திரைப்படத்தால் பட்டிதொட்டியெங்கும் சென்றவை. பூவாலும் பூச்சாலும் வருவதன்றிக் கூந்தலுக்கென்று மணமில்லை என்பது நக்கீரர் நிலை. இயற்கை மணமே புகழ்தற்குரியது என்பது மதீனத்துப் பெண்மணியின் நிலை. எதிரெதிர் முனைகளாகத் தோன்றினும் இருவரும் ஒன்றையே நம்புகின்றனர்: இயற்கை வேறு, பூச்சு வேறு, இரண்டுக்கும் இடையே சுவர் உண்டு. சுவர் இருக்கிறதா என்று இருவரும் கேட்கவில்லை.

அதைக் கேட்காமலே கடந்து சென்றவர் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நண்பகலில் துயிலும்போது அரும்பிய வியர்வையை அவ்வம்மையார் சீசாவில் சேர்த்தார்; ஏனென்று வினவப்பட்டபோது, எங்கள் நறுமணத்தோடு கலந்துகொள்கிறோம், அது நறுமணங்களிலெல்லாம் மேலானது என்று விடை பகர்ந்தார். முஸ்லிம் நூலில் உள்ள இச்செய்தியைப் பரக்கத்தின் கோணத்திலேயே நாம் படித்துப் பழகிவிட்டோம், அது முறையே. 'கலத்தல்' என்னும் வினையும் அதில் நோக்கத்தக்கது. அபூதாவூதில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறும் செய்தியில், இஹ்ராமின்போது மகளிர் நெற்றியில் இட்ட நறுமணப் பசை வியர்வையோடு முகத்தில் வழிந்தது. நபிகளார் கண்டும் தடுக்கவில்லை.

சுவனத்துப் பானத்தின் 'கிதாம்' கஸ்தூரி என்னும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்து வசனத்துக்கு (83:26) முன்னோர் மூவிதப் பொருள் கூறியதைத் தபரீ பதிவு செய்கிறார்: கலவை என்றும், முத்திரை என்றும், முடிவு என்றும். கடைசியில் எஞ்சுவது கஸ்தூரி என்ற மூன்றாவது பொருளை அத்தர் வணிகர் எவரும் தலையசைத்து ஏற்பர். தஃப்ஸீருக்கு வேதியியலைச் சான்றாக நிறுத்துவது என் கருத்தன்று. மொழியறிந்த அம்முன்னோர் பொருளையும் அறிந்திருந்தனர் என்பதையே குறிக்கிறேன்.

இனி, அந்த மீன் வியாபாரி. ஜும்ஆவுக்கு வருமுன் எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துக் குளித்து, வெள்ளாடை உடுத்தே வருவார். எலுமிச்சையின் அமிலம் மீன்வாடைக்குக் காரணமான அமீன்களை உப்பாக்கிக் கட்டிவிடும். அவருக்கு இது பழக்கத்தால் தெரியும். ஆயினும் அமர்வது செருப்பு விடும் இடத்தை ஒட்டிய கடைசி வரிசையில். காரணம் கேட்டபோது, "பூண்டு தின்னவன் பள்ளிக்கு வரக்கூடாதுன்னு நீங்கதானே ஹஜரத் பயான்ல சொன்னீங்க" என்றார். சொல்லியிருப்பேன். பூண்டு பற்றிய அந்நபிமொழியோடு மீன் விற்போர் முதலிய தொழிலாளரையும் சிலர் சேர்த்தனர் என்பதும், அது ஏற்கத்தகாத விரிவாக்கம் என இப்னு தகீகுல் ஈத் சுட்டினார் என்பதும் 'ஃபத்ஹுல் பாரி'யில் அடுத்தடுத்து உள்ளன. முதற்பாதியைப் படித்தவன் மறுபாதியை அந்த பயானில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மதீனத்தின் புறச்சேரிகளிலிருந்து புழுதியும் வியர்வையுமாய் ஜும்ஆவுக்கு வந்த உழைப்பாளிகளை நபிகளார் திருப்பி அனுப்பவில்லை. இந்நாளுக்காகக் குளித்து வரலாமே என்றே சொன்னார்கள். அதையும் சொல்லவில்லை.

அவரிடம் அன்று மாலை இரண்டையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சீசாவை நீட்டியபோது, "மீன்காரன் கைக்கு இது எதுக்கு ஹஜரத்" என்று சிரித்தார். வற்புறுத்திய பின் வாங்கிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில்தான் அமர்ந்திருந்தார். அத்தர் மட்டும் இரண்டு வரிசை முன்னால் இருந்த எனக்கு வந்தது.