நூறில் எத்தனை பேர்?

என் தங்கை மகளுக்குப் பொறியியல் சேர்க்கை. கலந்தாய்வுக்கு முன்னாடி ரெண்டு மூணு கல்லூரிகளை நேரில் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பினோம். ஒரு கல்லூரி வாசலில் பெரிய பிளெக்ஸ்: "95% வேலைவாய்ப்பு". சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவரிடம், "எத்தனை பேரில் 95 சதவீதம்?" என்று கேட்டேன். "எலிஜிபிள் ஸ்டூடன்ட்ஸ்ல சார்" என்றார். அரியர் இல்லாமல், 60 சதவீதத்துக்கு மேல் எடுத்து, வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தவர்கள்தான் எலிஜிபிளாம். மொத்தம் சேர்ந்தது எத்தனை பேர் என்றதற்குப் பதில் வரவில்லை. கையில் ஒரு பிரோஷர் வந்தது.

கணக்கு சின்னதுதான். 100 பேர் சேர்ந்து, அதில் 40 பேர் எலிஜிபிள் ஆகி, 38 பேருக்கு வேலை கிடைத்தாலும் பிளெக்ஸில் 95% தான். பொய்யில்லை. ஆனால் ஃபீஸ் கட்டியது 100 பேர்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தன் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் 'கட்டாய வெளிப்படுத்தல்' என்ற ஒரு கோப்பை இணையதளத்தில் வைக்க வேண்டும் என்கிறது ஏ.ஐ.சி.டி.இ. நான் திறந்து பார்த்த கோப்புகளில் கட்டடம், ஆய்வகம், நூலகம், ஆசிரியர் பட்டியல், கட்டணம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. உள்ளே போன மாணவர்களில் எத்தனை பேர் நாலு வருஷத்தில் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்ற ஒரு வரியைத்தான் காணோம். கல்லூரியிடம் என்ன இருக்கிறது என்பது தெரிகிறது. மாணவனுக்கு என்ன ஆனது என்பது தெரியவில்லை.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். அங்கேயும் சிக்கல். மாணவர் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு பல்கலைக்கழக வழக்கில் சொன்னது. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையமும் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது. அதே தீர்ப்பு, கோச்சிங் சென்டர்கள் கல்வி நிறுவனங்கள் அல்ல, அவை சட்டத்துக்குள் வரும் என்றும் சொன்னது. 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கென்று தனி வழிகாட்டுதல்களே வந்துவிட்டன: தேர்ச்சி பெற்றவரின் படத்தைப் போட்டால், அவர் எந்தக் கோர்ஸ், எத்தனை காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். ஆறு மாத கோச்சிங்குக்கு இருக்கும் இந்த ஒழுங்கு நாலு வருஷப் பட்டப்படிப்புக்கு இல்லை. கல்வி வியாபாரம் அல்ல என்ற உயர்ந்த கொள்கை இங்கே யாரைக் காப்பாற்றுகிறது?

அமெரிக்காவில் 1990-இலேயே ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரி, முதல்முறையாக முழுநேரமாகச் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் படித்து முடித்தார்கள் என்று வெளியிட வேண்டும். நாலு வருஷப் படிப்புக்கு ஆறு வருஷம் வரை கணக்கு. பகுதிநேர மாணவர்கள் அதில் விடுபடுகிறார்கள் என்ற குறை நியாயமானது. ஆனாலும் வகுத்தல் கணக்கு 'சேர்ந்தவர்கள்' என்பதிலிருந்து தொடங்குகிறது, 'எலிஜிபிள்' என்பதிலிருந்து அல்ல. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நம்மிடமும் இது முடியாத காரியமில்லை. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தரும் கோப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. கல்லூரியே நிரப்பும் விவரம்தான், இருந்தாலும் பிளெக்ஸை விட மேல். தரவரிசைக்குப் போகாத கல்லூரிக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. அந்த நாலு கட்டங்களை எல்லாக் கல்லூரிகளின் விண்ணப்பப் படிவத்திலும் முதல் பக்கத்தில் அச்சிடச் சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்து அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் தேடினோம். என்.ஐ.ஆர்.எஃப். கோப்பு இல்லை. "அப்போ இது வேண்டாம் மாமா" என்று பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டாள். அந்த பிளெக்ஸை நம்பி ஃபீஸ் கட்டப்போகிற மற்ற பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது?