கடலைத் தயிருக்கு ஒரு கும்பிடு!

பாலையும் தயிரையும் விட்டுவிட்டால் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நம் சைவச் சமையலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தானே! இட்லி, வத்தக்குழம்பு, பொரியல், துவையல்... எதில் பால் இருக்கிறது? மேலே விடுகிற நெய்தான் இடைஞ்சல். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். பருப்புப்பொடி சாதத்துக்கு நெய் போய்ச் செக்கு நல்லெண்ணெய் வந்தது. அடடா, அந்த மணம்! அதை ருசித்துப் பழகிய பிறகுதான் பாலில் கை வைத்தேன். பருப்புப் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். ஞாயிற்றுக்கிழமைக்குத் திருநெல்வேலிச் சொதி. காலையில் கருப்பட்டிக் கடுங்காப்பி. தென்மாவட்டங்களில் அதை வீகன் என்று தெரியாமலே குடித்து வருகிறார்கள்!

மலைபோல் நின்றது தயிர்தான். "தயிர்ச்சோறு இல்லாம சாப்பாடு எப்படிம்மா முடியும்?" என்றார் என் மாமியார். நியாயமான கேள்விதான். பதில் வேர்க்கடலையில் இருந்தது. ராத்திரி ஊறவைத்த கடலையைத் தோல் நீக்கி, நைஸாக அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். அடிபிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள். பச்சை வாடை போனதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகளைக் கிள்ளிப் போட்டு மூடிவைத்தால், காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. முதல் தயிர் கொஞ்சம் நெகிழ்ந்துதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றிப் பாருங்கள், கட்டியாக உறைந்து கிடக்கும்! கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் கடலை வாடை அடங்கிவிடுகிறது. மாமியார் மறுசோறு கேட்டுச் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் கேட்டபோதுதான் வம்பு: அது மோரில் ஊறியதாயிற்றே! மாவடு எடுத்து வைத்தேன், சமாதானமானார்.

வெளியே வாங்கும் பண்டங்களில் கவனம் வேண்டும். பச்சைப் புள்ளி இருந்தாலும் உள்ளே பால்பவுடர் இருக்கலாம். நம் நாட்டுச் சட்டப்படி பாலும் சைவமே. வீகன் பண்டங்களுக்கென்று 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி முத்திரையே அறிவித்திருக்கிறது, அதைத் தேடுங்கள். ஓட்டல் பொங்கலை மட்டும் மறந்துவிடுங்கள், அது நெய்யிலேயே மிதக்கும்.

சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பி12 மட்டும் செடிகொடிகளிடமிருந்து கிடைக்காது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறேன், அதில் எனக்கு வீம்பு கிடையாது.

இப்போது முந்திரிப்பாலில் டிகிரி காபி போட முயன்றுகொண்டிருக்கிறேன். நுரை வந்துவிட்டது!