மார்கழித் தண்ணீர்

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்குக் குளிர்நீர் நீச்சல் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு பெயரைத்தான் சொல்வேன்: ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறைக்காரர். 1971இல் இலங்கைக் கரையிலிருந்து பாக்கு நீரிணையை நீந்தி இந்தியக் கரையைத் தொட்டு, அப்படியே திரும்பி நீந்திப் போனவர். மொத்தம் 51 மணி நேரம்! இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் கொஞ்சம். உப்பில் நாக்கு தடித்துப்போகும், சொறி மீன் உரசிய இடமெல்லாம் எரியும், கண் தானாகச் சொருகும். அந்தக் கடலில் கை வீசுவதை நிறுத்தாத மனிதர்.

அவருக்கும் முன்னால், 1954 மார்ச்சில், தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் கரையேறினார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர்தான். வேதாரண்யத்து உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்கரைக்குப் போகிறவர்கள் வெளிமானையும் பூநாரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த மணலில் நின்று தென்கிழக்கே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் திறந்த கடல். அதை வெறும் உடம்பால் கடந்து வந்தவர் நம் நெல் நாட்டின் கடைக்கோடியில்தான் கால் ஊன்றினார். இந்தப் பெருமை நம் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்க வேண்டாமா?

ஆனந்தன் 1979இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் சைக்கிள் மிதித்தார். 1981இல் சென்னை மெரினா அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் தண்ணீரிலேயே நின்றபடி மிதந்தார். தாங்கும் சக்தியைப் பற்றி அந்த உடம்புக்கு யார் பாடம் எடுக்க முடியும்? அப்படிப்பட்டவர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது காலமானார். வயது 41. அதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கால்வாயின் மேல் எனக்கு மரியாதையும் வெறியும் ஒருசேர வந்துவிட்டன. பாக்கு நீரிணை வெதுவெதுப்பான கடல். ஆங்கிலக் கால்வாய் கோடையின் நடுவிலேயே 14 முதல் 18 டிகிரி வரைதான் இருக்கும். குறுகலான இடத்தில் அகலம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் நீந்துகிற தூரம் அதைவிட எவ்வளவோ கூடிவிடும். உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடைக்கு அனுமதி கிடையாது. சாதாரண நீச்சலுடை, தலைக்கு ஒரு தொப்பி, கண்ணாடி, உடம்பில் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். அந்த கிரீஸும் குளிரைத் தடுக்காது. அக்குளும் கழுத்தும் உரசிப் புண்ணாகாமல் இருக்கத்தான் அது. நான் அந்த இடங்களுக்கு விளக்கெண்ணெய் தடவுகிறேன், பிரமாதமாக வேலை செய்கிறது.

நம்மவர்கள் அந்தக் கால்வாயை ஜெயித்திருக்கிறார்கள். 1958இல் மிகிர் சென், இந்தியர்களில் முதல்வர். 1959இல் ஆரதி சாகா, ஆசியப் பெண்களில் முதல்வர், 16 மணி 20 நிமிடம். 1994இல் ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன், பன்னிரண்டு வயதுப் பையன்! அதே வருஷம் பாக்கு நீரிணையையும் கடந்து, ஒரே ஆண்டில் ஆறு கடற்பரப்புகளை நீந்தி, மிகிர் சென்னின் சாதனையையும் தாண்டினான். சென்னைக் குளத்தில் பழகிய பையனால் முடிந்தது. வெண்ணாற்றில் பழகுகிறவனால் முடியாதா?

இனி வெண்ணாற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். ஆடியில் நுங்கும் நுரையுமாய் ஓடுவது வேடிக்கை பார்க்கிற தண்ணீர், பழகுகிற தண்ணீர் அன்று. பழகுகிற தண்ணீர் மார்கழியில் வருகிறது. அடைமழை ஓய்ந்து கலங்கல் தெளிந்து, முறை வைத்து விடுகிற தண்ணீர் நிதானமாக நகரும். பள்ளியக்ரகாரம் தாண்டி, விடியுமுன் கரையில் நின்று உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டால் 24 காட்டும். காற்று 24 என்றால் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சுகமாகத் தூங்கலாம். தண்ணீர் 24 என்பது வேறு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். முதல் அரைமணி பன்னீர் தெளித்த மாதிரி இருக்கும். மூன்றாவது மணியில் குளிர் தோளுக்குள் இறங்கி உட்காரும். அதற்குள் இரு கரையிலும் சம்பா கதிர் சாய்ந்து நிற்கிற வயல்மேல் பனி புரள, எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். மூச்சுக்காக இடது பக்கம் முகம் திருப்பும்போதெல்லாம் கொஞ்சம் பாட்டு, முகம் தண்ணீருக்குள் போனதும் ஒன்றுமே இல்லை. பாட்டு, அமைதி, பாட்டு, அமைதி. இதைவிட நல்ல நீச்சல் உலகத்தில் எங்கே கிடைக்கும்?

அதிலும் எதிர்நீச்சல்! கரையில் ஒரு பனைமரத்தைக் குறித்துக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து நீந்துகிறேன். சில நாள் பத்து நிமிடம் கை வீசியும் மரம் அதே இடத்தில் நிற்கும். நகராத நீச்சலில்தான் மனசு பழுக்கிறது. ஆங்கிலக் கால்வாயில் பிரெஞ்சுக் கரை கண்ணுக்கு எதிரே தெரிந்துகொண்டே இருந்தும், நீரோட்டம் மாறிவிட்டால் மணிக்கணக்கில் கிட்டே வராது என்று அங்கே நீந்தியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு இதைவிட ஒத்திகை வேண்டுமா?

இடம் தேர்வதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். நகருக்குள் ஓடுகிற புதாறு, அதாவது கல்லணைக் கால்வாய், ஆசை காட்டும், ஆனால் சிமென்ட் சரிவில் ஏற வழி இருக்காது, நான் அதில் இறங்குவதே இல்லை. தென்பெரம்பூர் மாதிரி ஷட்டர் உள்ள இடங்கள், மதகு, கலிங்கு எதன் பக்கமும் போவதில்லை. மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீர் அடியில் ஆளை இழுக்கும். மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று அந்தந்த ஊர் மாடு குளிப்பாட்டுகிறவரிடம் கேட்டுத்தான் இறங்குவேன். இடுப்பில் கயிறு கட்டி ஆரஞ்சு மிதவை ஒன்று பின்னால் வரும். தனியாக ஒரு நாளும் கிடையாது.

கூட வருவது என் மாமா. ஆற்றங்கரையில் டி.வி.எஸ். ஃபிஃப்டியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டே வருவார். குளிரில் புத்தியும் தடுமாறும், அது தடுமாறுகிறது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. அதற்கு மாமா ஒரு சோதனை வைத்திருக்கிறார், அப்படி ஒரு அருமையான சோதனை! அரை மணிக்கு ஒருதரம் கரையிலிருந்து குரல் வரும்: "மாப்ளே, ஆத்து பேரெல்லாம் சொல்லு!" நான் நின்று மிதந்தபடி சொல்ல வேண்டும். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், திருமலைராஜன், வெட்டாறு, வடவாறு, பாமணி, கோரையாறு. நாக்கு குழறினால், ஒரு பேர் விட்டுப்போனால், விரல்கள் சேராமல் விரிந்து நின்றால், அன்றைக்கு அவ்வளவுதான். "ஒதடு நீலம் பாரிச்சுப் போச்சு, ஏறு மேல" என்பார். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

குளிரைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம். ஐயப்பனுக்கு மாலை போட்ட சாமிகளைப் பாருங்கள். கார்த்திகை முதல் வாரத்தில் விடிகாலைத் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சு 'ஹக்' என்று அடைக்கும், உடம்பு துள்ளும். இரண்டாவது வாரத்தில் சரணம் சொல்லிக்கொண்டே சாவகாசமாக ஊற்றிக்கொள்வார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் என்ற உடலியல் அறிஞர் இதையே பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறார். குளிர்ந்த நீரில் சட்டென்று விழுந்தவரை முதல் ஓரிரு நிமிடத்தில் கொல்வது பெரும்பாலும் அந்த மூச்சு அடைப்புதான். உடம்புச் சூடு ஆபத்தாகக் குறைவதற்கு அரைமணி போல ஆகும். சில நிமிடக் குளிர்முழுக்கு ஐந்தாறு தடவை போட்டாலே அந்தத் திணறல் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, பழகிய உடம்பு அதைப் பல மாதம் மறப்பதில்லை. நம் சாமிகள் மண்டலக் கணக்கில் போடுகிறார்கள்!

வெண்ணாறு 24க்குக் கீழே இறங்காது. ஆங்கிலக் கால்வாயின் குளிருக்கு 15 வேண்டுமென்றால் ஐஸ்தான். அதற்கும் டெல்டாவில் பஞ்சமா? மல்லிப்பட்டினம் பக்கம் மீன் பிடிக்கப் போகிற படகுகளுக்கு ஐஸ் கம்பெனிகள் இரவு பகலாக ஓடுகின்றன. உமியும் சாக்கும் சுற்றிய ஐஸ் பார்களை மினி வேனில் கொண்டுவந்து தோட்டத்துத் தொட்டியில் இறக்குவோம். தெர்மாமீட்டர் 15க்கு வந்ததும் நான் இறங்குவேன். கழுத்துவரை போனதும் மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். உள்ளே இழுப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது, அது தானாக நடக்கும். ஒரு நிமிடம் எல்லாம் எரியும். பிறகு எரிச்சல் அடங்கி உடம்பு முழுவதும் ஒரு தெளிவு பரவும் பாருங்கள், அதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். காப்பி, பக்கோடா, கச்சேரி எதுவும் கிட்டே வராது. இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதில் கால் வைக்கக் கூடாது. என்னையும் முதலில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் எனக்கு நாக்கு ஊறும். குளிர்நீர் நீச்சலுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு வேண்டும். கொழுப்பில்லாமல் வற்றிய உடம்பு அங்கே நிற்காது. ஆகவே உளுந்தங்களி, நல்லெண்ணெய், வெல்லம், முட்டை என்று வீட்டில் தாராளம். நீந்தும்போது அரைமணிக்கோ முக்கால் மணிக்கோ ஒருதரம் கயிற்றில் கட்டிய பாட்டில் வரும். ஆங்கிலக் கால்வாய் விதிப்படி நீந்துகிறவர் படகைத் தொடக்கூடாது, அதனால் ஆற்றிலேயே அப்படிப் பழக்கம். மேல்நாட்டார் பாட்டிலில் வெதுவெதுப்பான மாவுச்சத்துத் தூள் கரைசல் ஊற்றுகிறார்கள். என் பாட்டிலில் பொன்னி அரிசிக் கஞ்சி! நன்றாகக் குழைய வேகவைத்து வடிகட்டி, உப்பும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுச் சூடாறாமல் ஃபிளாஸ்க்கில். அதுவும் மாவுச்சத்துத்தானே? வயிற்றைப் புரட்டாது, தொண்டையில் இறங்கும்போதே நெஞ்சுக்குழியில் கணகணப்பு தெரியும். இரு கரையிலும் நெல் நிற்க, நடுவில் அதன் கஞ்சியைக் குடித்துக்கொண்டு நீந்துகிற பாக்கியம் வேறு எந்த நாட்டுக்காரனுக்கு இருக்கிறது?

கரையேறிய பிறகு பத்து நிமிடம் இன்னும் கவனம் வேண்டும். நாம் மேலே வந்த பிறகும் உடம்பின் உட்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். ஆற்றிலிருந்து சிரித்துக்கொண்டே ஏறியவன் கரையில் மயங்குவதும் உண்டு. வெந்நீரில் குளிக்கக் கூடாது. ஈரத்தை ஒற்றி, உலர்ந்த துணியை உடனே மாட்டி, கம்பளித் தொப்பி போட்டு, உட்கார்ந்து சுக்குக் காப்பி. பல் தந்தியடிக்கும், அடிக்கட்டும். உடம்பு தன் சூட்டைத் தானே தயாரிக்கிற சத்தம் அது.

இதையெல்லாம் ஆண்டின் ஓட்டத்தில் பொருத்திப் பார்த்தபோது நான் குதித்தேன். நீர்ப்பங்கீட்டு வழக்கப்படி மேட்டூர் ஜனவரி 28இல் மூடும். அதுவரை ஆறு. பிறகு ஆறு வற்றும், வடகிழக்குப் பருவக்காற்றும் அடங்கும், தென்மேற்குக் காற்று தொடங்குமுன் மார்ச், ஏப்ரலில் பாக்கு நீரிணை தணிந்து கிடக்கும். நவரத்தினசாமி நீந்தியது அந்தப் பருவத்தில்தான், மிகிர் சென் 1966இல் அந்த நீரிணையைக் கடந்ததும் அதே பருவத்தில்தான். ஆகவே மாசி பங்குனியில் கரையோரக் கடல் நீச்சல், உப்புக்கும் அலைக்கும். சித்திரை வெயிலில் ஐஸ் தொட்டி, குளிர் மறந்துவிடாமல் இருக்க. ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை ஆங்கிலக் கால்வாயின் பருவம். அங்கே தனியாகக் கடக்க விரும்புகிறவர் 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த தண்ணீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டியிருக்க வேண்டும். அதற்காக மலையில் தெரிந்தவர் எஸ்டேட்டில் ஒரு குளம் பார்த்து வைத்திருக்கிறேன். போன தையில் இறங்கியபோது தெர்மாமீட்டர் 15 காட்டியது. மாமா கம்பளி போர்த்திக்கொண்டு கரையில் நின்று ஆற்றுப் பேர் கேட்டார், நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

இந்த மார்கழியில் எங்களோடு இன்னும் நாலு பேர் சேர்ந்தால் மாற்றி மாற்றி நீந்துகிற குழு ஒன்று அமைத்துவிடலாம், ஆளுக்கு ஒரு மணி நேரம். ஆங்கிலக் கால்வாயில் அப்படிக் குழுவாகவும் கடக்கலாம். பெண்கள் வந்தால் இன்னும் நல்லது. விடிகாலை படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முழுகி எழுகிற எங்கள் ஊர் அக்காமார்களின் குளிர்ப் பழக்கம் எனக்கே இல்லை. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், டாக்டர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும், மாமா பேச்சைக் கேட்க வேண்டும். விடிகாலை ஐந்துக்கு வெண்ணாற்றங்கரை. கஞ்சி நான் கொண்டுவருகிறேன்.