ஏட்டு வாசிப்பும் பெருங்கதைப் பதிப்பும்

பனையோலை ஏடுகளில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா. காலும் ரகரமும் ஒரே வடிவின. இவற்றை ஏடெழுதினோரின் கல்லாமை எனக் கூறுவாருளர். அது பொருந்தாது. குறில் எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர்க்கே உடன்பாடு. எழுத்தாணியின் அழுத்தத்தால் ஓலை துளைபடும் என்று அஞ்சியே பின்னோர் புள்ளியை விட்டனர் என்பர். விட்டும் நூல் வழங்கியதெனின், வாய்விட்டு ஓதிப் பழகிய வாசிப்போர் இருந்தமையே காரணம். சப்பானியரின் பழைய கானா ஏடுகளிலும் வல்லொலி மெல்லொலி வேறுபாட்டுக் குறி பெரும்பாலும் இடப்படவில்லை. வாசிப்போரே சொல்லறிந்து ஒலித்தனர்.

அவ் வாசிப்பு மரபு அற்றவழி நேரும் இடர்ப்பாட்டிற்குக் கொங்குநாட்டு விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையே தக்க சான்று. உ. வே. சாமிநாதையர் 1924இல் இதனைப் பதிப்பித்தபோது நூலின் முதலும் இறுதியும் கிடைத்தில. பழைய உரையும் இல்லை. இனி, ஏட்டில் 'எரியும்' என ஒரு சீர் இருப்பதாகக் கொள்வோம். அதனை எரியும் எனவும் ஏரியும் எனவும் படிக்கலாம். முன்னது நிரைநேர்; பின்னது நேர்நிரை. வெண்பாவாயின், முன்நின்ற சீர் மாவாயின் நிரையும், விளமாயின் நேரும் வரவேண்டும் ஆதலின், தளையே பாடத்தைத் துணிந்துவிடும். பெருங்கதையோ ஆசிரியப்பா, ஈண்டு இரு சீரும் இயையும். யாப்புக் கைவிட்ட இடத்தில் கதைத்தொடர்பும் சொல்வழக்குமே பதிப்பாசிரியர்க்குத் துணை.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் உதயணன் கதையை எடுத்தாளுதல் காண்க. அவரையும் கொங்குநாட்டினராகக் கருதுவர் அறிஞர். அவர் காலத்தில் இந்நூல் ஓதுவாரும் உணர்வாரும் பெற்றிருந்தது என்பது இதனாற் பெறப்படும். அத்தொடர்ச்சி இடையில் அறுந்தது. ஏடு மட்டும் எஞ்சியது.

ஆகவே, அச்சு நூலில் நாம் காணும் நெடிலும் குறிலும் புள்ளியும் பல இடங்களிற் பதிப்பாசிரியரின் துணிபே என்று உணர்தல் வேண்டும். இஃது ஐயரவர்களின் புலமைக்கு இழுக்காகாது. அவர் உழைப்பின் அருமையையே காட்டும். எனினும் ஆய்வு மாணவர் அத் துணிபுகளை ஏட்டின் கூற்றாகக் கொண்டு அவற்றின்மேல் இலக்கண முடிபு நாட்டுதல் தவறு. ஐயத்திற்குரிய ஒவ்வோர் அடியையும் புள்ளியின்றி எழுதி, வாய்விட்டு ஓதி, இயையும் பாடங்கள் அனைத்தையும் குறித்த பின்னரே ஒன்றைத் தேர்தல் முறை. ஏட்டைக் காத்தலோடு ஏடு வாசிக்கும் திறத்தையும் காத்தல் தமிழ்த்துறைகளின் கடன்.