இரவில் கடந்த கப்பல்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் மாலையில் கார்களை வயிற்றில் ஏற்றிக்கொண்டு புறப்படும். பயணிகள் அறையில் தூங்கி எழும்போது பிரான்சின் சேன் மாலோ வந்திருக்கும். பகலில் திரும்பும். ‘பிரெத்தாஞ்’ கப்பல் 1993 முதல் செய்த வேலை இதுதான். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஸ்பெயினுக்கும் அயர்லாந்துக்கும் ஓடியது.

சொந்தக்காரர்கள் பிரிட்டனி ஃபெரீஸ். அலெக்சி கூர்வெனெக் தலைமையில் பிரான்சின் பிரிட்டனிப் பகுதி உழவர்கள் தங்கள் பூக்கோசு, ஆர்ட்டிசோக்குகளை இங்கிலாந்துச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கிய நிறுவனம். முதல் கப்பல் 1973 ஜனவரியில் கிளம்பியது. காய்கறி விற்கக் கடலில் இறங்கியவர்கள், 1989இல் சேன் நசேரில் கட்டிய இந்தக் கப்பலுக்குள் ஓவியங்களை நிறைக்க ஸ்காட்லாந்து ஓவியர் அலெக்சாண்டர் கௌடியை அழைத்தார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சி. அவர் மனைவி பிரிட்டனிக்காரர். அந்த மண்ணின் மக்களை அவர் நெருங்கி அறிந்தவர். உழைப்பையும் திருவிழாவையும் பெரிய பெரிய சுவரோவியங்களாகத் தீட்டினார். சாப்பிடப் போகிறவரும் மாடியேறுகிறவரும் கட்டணமில்லாமல் பார்த்தார்கள். பொதுப் போக்குவரத்துக்கு இவ்வளவு மரியாதை செய்தவர்கள் குறைவு.

‘பிரெத்தாஞ்’ முப்பத்தைந்து ஆண்டு உழைத்து, 2024 நவம்பரில் ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக வந்த ‘சேன் மாலோ’ கப்பல் திரவ இயற்கை எரிவாயுவிலும் பேட்டரியிலும் ஓடுகிறது, புகை குறைவு. அது தேவையான மாற்றம்தான். ஆனாலும் அந்தச் சுவர்களுக்காகவே பழையதில் இன்னொரு முறை போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.