ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையை எத்தனை முறை படித்தாலும் ஓர் இடத்தில் என் கை தானாகப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. சினிமா ஸ்டுடியோவின் அலுவலக அறை. வேலை கேட்டு வந்து நிற்கிறான் காதர். டைகர் ஃபைட் என்பது அவன் வாயில் ‘டகர் பாயிட்’. என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். புலித்தலையை எடுத்து மாட்டிக்கொள்கிறான். அவ்வளவுதான், மேஜையும் நாற்காலியும் போட்டிருக்கும் அந்தச் சின்ன அறைக்குள் ஒரு புலி வந்துவிடுகிறது. பதுங்குகிறது, பாய்கிறது. தலையைக் கழற்றியதும் மறுபடி பசித்த மனிதன். பின்னால் அவனுக்கு ஒரு வாய்ப்பு கூடி வரும்போது போடுகிற கடிதம், ஆள் இல்லை என்று திரும்பி வருகிறது.

கதையின் உயிர் புலியாட்டத்தில் இருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தாவின் கண்ணில்தான் இருக்கிறது. அவனால் காதருக்கு வேலை போட்டுக் கொடுக்க முடியாது. நன்றாகப் பார்க்க மட்டும் முடியும். அந்த நாற்காலியில் அசோகமித்திரன் நிஜமாகவே பல வருஷம் உட்கார்ந்திருந்தார்.

1952இல், தந்தை இறந்த பிறகு, தந்தையின் நண்பரான எஸ்.எஸ். வாசன் அழைக்க அவர் சென்னைக்கு வந்தார். அப்போது வயது இருபத்தொன்று. வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் அவருக்குக் கிடைத்த வேலை, பத்திரிகைகளில் வரும் செய்திகளைக் கத்தரித்து வகைவாரியாகக் கோப்பில் சேர்ப்பது. நாளெல்லாம் பேப்பர் கிழிப்பவனைப் பார்த்தால் யாருக்கும் வெட்டியாக இருப்பதாகத்தான் தோன்றும். ஆகவே போகிற வருகிற எல்லோரும் அவருடைய தடுப்பறைக்குள் நுழைந்து மனக்குறையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஜெமினி நினைவுகளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் அமைவது கஷ்டம். அதிகாரம் இல்லை என்பதால் யாரும் அவரிடம் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே நினைவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆங்கிலக் கவிஞர் ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்த கதை. பெரிய வரவேற்பு, பேச்சு. தமிழ்ப் படம் எடுக்கும் இடத்தில் ஆங்கிலக் கவிதை அனுபவத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று கேட்டவர்களுக்கும் புரியவில்லை, பேசியவருக்கும் சங்கடம். பல காலம் கழித்து ஒரு சிறுகதைப் போட்டிக்கு அனுப்புவதற்காக, பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் ‘என்கவுன்ட்டர்’ பத்திரிகையைப் புரட்டுகிறார் அசோகமித்திரன். ஆசிரியர் பெயர் ஸ்டீபன் ஸ்பெண்டர். வந்தவர் அவர்தான். அதற்கும் பின்னால், ஜெமினி வேலையை விட்டு, நேரம் நிறையவும் காசு குறைவாகவும் இருந்த நாட்களில், மவுண்ட் ரோடு நடைபாதையில் ஐம்பது பைசாவுக்கு ஒரு புத்தகம் கிடைக்கிறது. கம்யூனிசத்தில் நம்பிக்கை வைத்து ஏமாந்த ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள். ஆறில் ஒருவர் ஸ்பெண்டர். அவர் ஸ்டுடியோவுக்கு அழைக்கப்பட்டது கவிதைக்காக அல்ல, இந்த ஏமாற்றத்துக்காக என்பது அப்போதுதான் பிடிபடுகிறது. கண்ணெதிரே நடந்தது புரிவதற்கு அத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. அவருடைய கதைகளில் நடப்பதும் இதுதான். சம்பவம் முதலில் வந்துவிடும். அதன் பொருள் மெதுவாக, வேறு ஏதோ வேலையாகப் போகும்போது, நடைபாதையில் வந்து சேரும்.

1966இல் அவர் ஜெமினியிலிருந்து வெளியேறினார். மூன்று வருஷத்துக்குள் ‘கரைந்த நிழல்கள்’ வந்துவிட்டது. இந்தச் சினிமா நாவலில் வரும் தயாரிப்பாளர் ரெட்டியார் நிஜத்தில் யார், நடிகை யார் என்று தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேடலில் நாவல் கைநழுவிப்போகிறது என்பது என் எண்ணம். நாவல் தொடங்குவது விடிவதற்கு முந்திய இருட்டில், வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களைத் திரட்டும் புரொடக்‌ஷன் மானேஜர் நடராஜனின் பரபரப்பில். வண்டி, சாப்பாடு, வராதவர்கள், முன்பணம். நட்சத்திரங்களைப் பற்றிய நாவல் என்று நினைத்துத் திறந்தால், நட்சத்திரத்துக்கு இட்லி போய்ச் சேருமா என்ற கவலையில் நம்மை உட்கார்த்திவிடுகிறார். நடராஜனோடு நாம் ஒட்டிக்கொள்ளும் சமயம் பார்த்து, நாவல் அவரை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போய்விடுகிறது. ஒரு படம் நின்றுபோனால் அதை நம்பியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தத் தொழிலில் யாரும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. நாவலின் வடிவமே அந்தத் தொழிலிலிருந்து எடுத்ததுதான்.

ஆனால் ஜெமினி மட்டும் அவரை உருவாக்கியதாகச் சொல்ல மாட்டேன். அந்த ஓரத்து நாற்காலிக்கு அவர் ஏற்கனவே பழகியவராகத்தான் வந்தார்.

1931 செப்டம்பர் 22இல் செகந்திராபாத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தெருவில் உருதுவும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலம், வீட்டுக்குள் மட்டும் தமிழ். இதை அவருடைய உரைநடையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கி. ராஜநாராயணனின் வாக்கியத்தைப் பிழிந்தால் கரிசல் மண் சொட்டும். தி. ஜானகிராமனிடம் காவிரித் தண்ணீர் ஓடும். அசோகமித்திரனின் தமிழில் எந்த ஜில்லா வாசனையும் கிடையாது. பழமொழி இல்லை, சொலவடை இல்லை, சந்தம் இல்லை. இது வறட்சி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு இது ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ். பல ஊர்க்காரர்கள் அக்கம்பக்கமாக வசிக்கும் வரிசை வீடுகளில், ஊர்ப்பெருமை பேச ஆள் இல்லாத இடத்தில், தேவைக்கு மட்டும் பேசி வளர்ந்த மொழி. மண்ணின் பலம் இல்லாததால் ஒவ்வொரு வாக்கியமும் தன் காலிலேயே நின்றாக வேண்டும். அவருடையவை நிற்கின்றன.

‘தண்ணீர்’ 1973இல் புத்தகமாக வந்தது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் கட்டுரையாக எழுதியிருந்தால் அந்த வருஷத்தோடு மறந்துபோயிருக்கும். அவர் ஜமுனாவின் இடுப்பில் ஒரு குடத்தை வைத்தார். சினிமா ஆசையில் ஒருவனை நம்பி வாழ்க்கையைத் தொலைத்துக்கொண்ட பெண். வீட்டுச் சொந்தக்காரர், அடிபம்பு, பக்கத்து வீடு என்று ஒரு குடம் தண்ணீருக்கு அவள் அலைவதை அவர் குடம் குடமாக எழுதுகிறார். அவளுக்குப் பழக்கமான டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடம் தமிழில் எழுதப்பட்ட மகத்தான பக்கங்களில் ஒன்று. அங்கே ஆறுதல் என்று ஒரு சொல்கூட இல்லை. சொல்லி முடித்ததும் தண்ணீர்க் கவலை தொடர்கிறது. ஓரமாக இருந்து பார்க்கப் பழகிய ஒருவரால்தான், துக்கத்துக்கு நடுவே குடம் நிரம்பியதா என்று எட்டிப் பார்க்கும் கண்ணை எழுத முடியும்.

‘18வது அட்சக்கோடு’ வந்தது 1977இல். ஜெமினிக்கு மூன்று வருஷம் போதுமானதாக இருந்தது. செகந்திராபாத்துக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்து, 17ஆம் தேதி நிஜாம் பணிந்தபோது, அசோகமித்திரனுக்குப் பதினேழு வயது நிரம்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. நாவலின் சந்திரசேகரனும் அந்த வயதுப் பையன்தான். நிஜாம் ஆதரவு ஆயுதப் படையான ரஜாக்கர்களைப் பற்றிய பயம் ஊரெங்கும் பரவிக்கொண்டிருக்கிறது. அவனுக்குக் கிரிக்கெட்டும் சைக்கிளும் வீட்டு மாடும்தான் உலகம். மாட்டைத் தேடி அலைவதற்கும் சமஸ்தானம் கவிழ்வதற்கும் நாவலில் ஒரே அளவு இடம். சரித்திரம் பதினாறு வயதில் அப்படித்தான் தெரியும். வளர்ந்தவனின் அறிவை எடுத்துப் பையனின் தலையில் அவர் ஏற்றவே இல்லை. முப்பது வருஷக் காத்திருப்பில் அவர் சம்பாதித்தது இந்த அடக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன். சுடச்சுட எழுதியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

நாவலின் கடைசிப் பக்கங்கள் வரை சந்திரசேகரன் பார்க்கிறவனாகவே இருக்கிறான். அப்புறம் ஒரு கலவரத்தில் ஓடி ஒளிய இடம் தேடி, ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். அவன் உயிருக்குப் பயந்து வந்தவன். உள்ளே இருப்பவர்களுக்கோ அவன்தான் கலவரம். நடுங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கும் அந்தக் குடும்பத்திலிருந்து ஒல்லியான ஒரு பெண், கிட்டத்தட்ட அவன் வயதுதான், முன்னால் வருகிறாள். வீட்டாரை விட்டுவிடச் சொல்லித் தன் உடைகளைக் களைகிறாள்.

ஓரமாக நின்றுகொள்ள இனி அவனுக்கு இடம் இல்லை. வெளியே ஓடுகிறான்.