பூஜ்ஜியம் காட்டிய சைக்கிள்

காலை ஐந்தே கால் மணி. கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் போல வரும். ஏ ஷிப்ட், ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். சர்வீஸ் ரோட்டில் ஏறிப் பெடலை மிதித்ததும் மோட்டார் வழக்கம்போல முதுகில் கைவைத்துத் தள்ளியது. நாலு எண்ணுவதற்குள் கையை எடுத்துக்கொண்டது. டிஸ்பிளேயைப் பார்த்தேன். பேட்டரி நாலு கட்டம் இருக்கிறது, அசிஸ்ட் மூன்றில் இருக்கிறது, வேகம் மட்டும் 0. நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், வண்டிக்கு அது தெரியவில்லை. சைக்கிளை நிறுத்தி, ஆஃப் செய்து, ஆன் செய்து மறுபடி மிதித்தால் மறுபடி நாலு நொடி. இருபத்து நாலு கிலோ எடையுள்ள சைக்கிளை மோட்டார் துணையில்லாமல் மிதித்துப் போய் கேட்டைத் தொடும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

எட்டு மாதமாக ஓட்டும் இந்த எலெக்ட்ரிக் சைக்கிளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தபோது, முதலில் சொல்லத் தோன்றியது இந்தக் கோளாறைத்தான். மற்றவை சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பின் சக்கர ஹப்பில் 250 வாட் மோட்டார். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதாவது சுமார் 280 வாட்-அவர். ஒரு முழு சார்ஜுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம்தான் செலவாகும். அளவாக மிதித்தால் போய்வர ஒருமுறை, மறுநாள் போக இன்னொரு முறை தாங்குகிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. சீட்டை மாற்றியாக வேண்டும். இதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இருக்கும், எந்தக் கடையிலும் சொல்வார்கள். ஷிப்டுக்குப் போகிறவனுக்கு வேண்டிய பதில் வேறு: நடுவழியில் நின்றால் இதைக் கும்மிடிப்பூண்டியில் யார் சரிசெய்வார்கள்?

கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தேன். சென்னைக்குக் கொண்டு வாருங்கள், மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள். டிஸ்பிளேயில் வந்த பிழை எண்ணுக்கு எதிரே கையேட்டில் ஒரே வரி: சேவை மையத்தை அணுகவும். மோட்டார் நாலு நொடி ஒழுங்காக ஓடுகிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த நாலு நொடியில்தான் விடை இருந்தது.

எலெக்ட்ரிக் சைக்கிளில் சென்சார் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று நான்கு வகை உண்டு, ஒவ்வொன்றும் கெட்டால் வண்டி நடந்துகொள்ளும் விதம் வேறு. பெடல் அச்சில் உள்ள சென்சார் போனால், மிதித்தால் மோட்டார் வராது, ஆனால் த்ராட்டிலைத் திருகினால் ஓடும். பிரேக் லீவரில் இருக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் எதைச் செய்தாலும் மோட்டார் அசையவே அசையாது. மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சார்களில் ஒன்று போனால் மோட்டார் உதறும், கரகரக்கும், தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்கும். வேக சென்சார் போனால் மட்டும்தான் மோட்டார் அழகாகக் கிளம்பி, சில நொடியில் அடங்கி, வேகம் பூஜ்ஜியத்தில் நிற்கும். பிழை எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாஃபாங் மோட்டார்களில் 21 என்றால் வேக சென்சார், 08 என்றால் ஹால் சென்சார். என் வண்டியின் எண் வேறு. எண்ணை விட வண்டியின் நடத்தையை நம்புங்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தச் சில நொடிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, மிதித்து ஓட்டும் இந்த வகைச் சைக்கிளின் மோட்டார் வேகம் கூடக்கூடத் தன் உதவியைக் குறைத்து, 25 கிலோமீட்டரைத் தொடும்போது முழுவதும் நின்றுவிட வேண்டும். அப்போதுதான் அது மோட்டார் வாகனம் ஆகாது, லைசென்ஸும் பதிவும் வேண்டியதில்லை. வேகமே தெரியாவிட்டால் 25-ஐத் தொட்டோமா என்று மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்? சிறிது நேரம் பார்க்கிறது, துடிப்பு வரவில்லை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. வண்டி செய்தது சரிதான், அதற்குப் போய்ச்சேர வேண்டிய செய்திதான் சேரவில்லை.

செய்தி போகும் வழி மிக எளிமையானது. ஒரு ஸ்போக்ஸ் கம்பியில் கட்டைவிரல் நகம் அளவு காந்தம். பின் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கம்பியில் கறுப்பாக ஒரு சிறு பெட்டி. காந்தம் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. 26 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று துடிப்பும் கொஞ்சமும். அவ்வளவுதான் கணக்கு. மோட்டாருக்குள்தான் ஹால் சென்சார் இருக்கிறதே, அதிலிருந்தே வேகத்தை எடுத்தால் என்ன என்று எனக்கும் கேள்வி வந்தது. பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டாரில் ஃப்ரீவீல் இருப்பதால், மோட்டார் நின்றாலும் சக்கரம் சுற்றும். சும்மா உருளும்போது மோட்டாருக்கு வேகம் தெரியாது. அதனால்தான் சக்கரத்தையே பார்க்கும் தனி சென்சார் தேவைப்படுகிறது.

சிப்காட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் என்று அம்பத்தூர் சைக்கிள்களில் கைபழகியவர். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஊரான அம்பத்தூர், 2018 வரை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. கரண்டு வண்டி எனக்குப் பழக்கமில்லை தம்பி என்று சொல்லிக்கொண்டே குனிந்தவர், பத்து நொடியில் நிமிர்ந்தார்.

"இது என்ன தம்பி, மீசை வெச்சிருக்கு?"

காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாக, முள்முள்ளாக, கம்பளிப்பூச்சி சுருண்டிருப்பது போல ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் பளபளக்கும் பொடி. கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் ரீ-ரோலிங் மில்களும் நிறைந்த பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு அதைப் பார்த்த உடனே தெரியும். அது ஸ்கேல். காய்ச்சிய இரும்பை உருளையில் விடும்போது மேல்தோலாக உரிந்து விழும் இரும்பு ஆக்சைடு. லாரிகளிலிருந்து சிந்தி, டயர்களில் அரைபட்டு, சாலையோரம் மணலோடு மணலாகக் கிடக்கும். மணல் காந்தத்தில் ஒட்டாது, ஸ்கேல் ஒட்டும். எட்டு மாதம் தினம் இருமுறை அந்தச் சாலையில் போனதில் காந்தம் அதை மணி மணியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. காந்தத்தின் விசைக்கோடுகள் இந்த இரும்பு மீசைக்குள்ளேயே வளைந்து திரும்பிவிட்டால் சென்சார் வரை போவது குறைந்துவிடும்.

துடைத்தால் போகாது, துணியில் ஏறிய பொடி திரும்பவும் காந்தத்துக்கே ஓடும். இன்சுலேஷன் டேப்பின் பசைப் பக்கத்தை அழுத்தி அழுத்தி எடுத்தோம், ஏழெட்டு முறை. அடியில் இன்னொன்றும் தெரிந்தது: காந்தத்தின் திருகு தளர்ந்து, அது ஸ்போக்ஸில் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டியதன் விளைவு. சென்சார் பெட்டியின் முகத்தில் மெல்லிய கோடு ஒன்று உண்டு. காந்தத்தின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு நேரே கடக்க வேண்டும். இடைவெளியும் முக்கியம். பாஷ் மோட்டார் கையேடுகளில் 5 முதல் 17 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருக்கும். மலிவான சென்சார்களுக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. நாங்கள் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு வைத்தோம், ஏழு மில்லிமீட்டர் போல. சக்கரத்தைச் சுழற்றினோம். டிஸ்பிளே 14 என்றது. அண்ணன் காசு வாங்கவில்லை.

பதினோரு நாள் ஓடியது. நவம்பர் மழை பிடித்த இரண்டாம் நாள் மறுபடி 0. ஆனால் இந்த முறை விட்டு விட்டு: 16, 0, 18, 0, 43, 0. மிதித்து 43 போக என்னால் முடியாது. காந்தம் நின்ற இடத்தில் நிற்கிறது, மீசையும் இல்லை. காந்தம் விலகினால் துடிப்பு குறையுமே தவிர அதிகமாகாது. இல்லாத வேகத்தைக் காட்டுகிறது என்றால் ஒயர் எங்கோ தொட்டும் விட்டும் விளையாடுகிறது என்று அர்த்தம்.

மல்டிமீட்டரை எடுத்து உட்கார்ந்தேன். சென்சாரிலிருந்து வரும் கேபிளில் எத்தனை ஒயர் என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு என்றால் அது ரீட் சுவிட்ச்: கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள், காந்தம் அருகே வந்தால் ஒன்றையொன்று தொடும். 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது. மூன்று என்றால் ஹால் சென்சார், அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். வண்டியை ஆன் செய்துவிட்டுத்தான் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க முடியும். என்னுடையது இரண்டு. கனெக்டரைக் கழற்றி, மீட்டரை பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாக நகர்த்தினேன். காந்தம் கடக்கும்போது பீப். பெட்டியில் காதை வைத்தால் உள்ளே நாக்கு தொடும் ஓசைகூடக் கேட்கிறது, நகத்தால் அரிசியைத் தட்டியது போல. ஆக, சென்சார் உயிரோடு இருக்கிறது.

பிறகு கேபிளை விரல் விரலாக வளைத்துக்கொண்டே வந்தேன். ஸ்டாண்டுக்கு மேலே, கேபிள் டை இறுக்கிக் கட்டிய இடத்தில் வளைத்ததும், காந்தம் அருகில் இல்லாமலே பீப் பீப் என்று அலறியது. கேபிள் டையை வெட்டினேன். ஸ்டாண்டைப் போடும்போதும் எடுக்கும்போதும் உரசி உரசி மேல்தோல் கிழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அரை விரற்கடைக் கிழிசல், அதில் மழைநீர். வெட்டி, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் டியூப் போட்டு, ஸ்டாண்டு தொடாத வழியாகக் கேபிளைத் திருப்பிக் கட்டினேன். மாற்று சென்சாரும் நானூறு ரூபாய்க்குள் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். இதற்குத்தான் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள்.

நடுவில் ஒருவர் வேறு யோசனை சொன்னார். காந்தத்தை பெடல் தண்டில் கட்டி, சென்சாரை அங்கே திருப்பிவிட்டால் வேகம் குறைவாகக் காட்டும், வண்டி 25-ஐத் தாண்டியும் ஓடும் என்று. ஓடும்தான். ஆனால் தேசிய நெடுஞ்சாலை 16-இன் ஓரத்தில், இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்களுக்குப் பக்கத்தில் ஓட்டுகிற வண்டி இது. இதன் பிரேக்கும் ஃபிரேமும் 25-க்காகச் செய்யப்பட்டவை. யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் கடையில் மோட்டார் வாட்டைக் கேட்பதற்கு முன் குனிந்து பின் சக்கரத்தைப் பாருங்கள். காந்தமும் பெட்டியும் வெளியே தெரிந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் சரிசெய்யலாம். தெரியவில்லை என்றால் சென்சார் ஹப்புக்குள் இருக்கிறது. அழுக்குப் படாது, அது நல்லதுதான், ஆனால் கெட்டால் மோட்டாரைப் பிரிக்க வேண்டும். சென்சார் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

போன வாரம் எங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் ரோலிங் செக்ஷன் தம்பி ஒருவன், "அண்ணே, எனக்கும் ஜீரோதான் காட்டுது" என்று வந்தான். அவனுடையது ஹப்புக்குள் சென்சார் உள்ள வண்டி. பிரிப்பதற்கு முன் மோட்டார் ஒயரின் ஒன்பது பின் கனெக்டரைத் திருகாமல் நேராக இழுத்துப் பார்த்தோம். மோட்டாருக்கு மூன்று தடித்த பின், ஹால் சென்சார்களுக்கு ஐந்து, மிச்சமிருக்கும் ஒன்றுதான் வேக சிக்னல். அந்த ஒன்று சாய்ந்திருந்தது. பஞ்சர் ஒட்டக் கழற்றியவர் அம்புக்குறியை நேர் பார்க்காமல் அழுத்தியிருக்க வேண்டும். சிறிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்ல நிமிர்த்தி, அம்பும் அம்பும் நேராக வைத்து அழுத்தினோம். அவன் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் கையால் சுழற்றினேன். 11.